ஓரத்தில் நாலு கீறல்

என் மேஜை மேல் ஒரு பச்சைப் பட்டி கிடக்கிறது. ஒரு சாணுக்குச் சற்று அதிகமான நீளம், சுண்டுவிரல் அகலம், ஒரு ரூபாய் நாணயத்தின் தடிமன். ஒரு முனையில் பார்கோடு ஸ்டிக்கர் பாதி உரிந்து நிற்கிறது. விளிம்பில் ஊக்கு முனையால் கிழித்த நாலு கீறல்கள். அவற்றில் மூன்று ஒரே நாளில் விழுந்தவை. நாலாவது வெகுகாலம் கழித்து விழுந்தது. சர்க்யூட் போர்டு வேலை நடக்கும் தொழிற்சாலைகளில் இந்தப் பட்டி மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போகிற சாமான். என் அறையைக் கூட்ட வரும் அம்மா இரண்டு தடவை இதைத் தொட்டியில் போட்டுவிட்டார். இரண்டு தடவையும் நான் கையை விட்டுத் துழாவி எடுத்தேன். அதற்குப் பிறகு அவர் மேஜையைத் துடைக்கும்போது இதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடியில் துடைத்துவிட்டு, அதே இடத்தில் வைக்கிறார். சாருக்கு என்னமோ வேண்டுதல் என்று நினைத்திருக்கலாம்.

இந்தப் பட்டி எதற்கு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் வேலையில் போர்டுகள் தனித்தனியாக வருவதில்லை. ஆறு போர்டுகள் வரிசையாக ஒட்டிப் பிறந்த ஒரே தகடாக வரும். அதைப் பேனல் என்போம். அதன் இரண்டு பக்கமும் ஓடும் ஓரப் பட்டியைப் பிடித்துத்தான் மெஷின்கள் பேனலை நகர்த்தும். வேலை முடிந்ததும் பட்டியை ஒடித்து எறிந்துவிடுவோம். ஆறு போர்டில் ஒன்றோ இரண்டோ தகடு செய்கிறவரிடமே பழுதாகியிருக்கும். அந்த ஒன்றுக்காக மற்ற ஐந்தையும் வீசிவிட முடியாது. ஆகவே பழுதான போர்டின் மேல் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார்கள். ஒவ்வொரு போர்டின் மூலையிலும் துவரம்பருப்பு அளவில் ஒரு வெள்ளை வட்டம் அச்சிட்டிருக்கும். லைனின் தலைமாட்டில் நிற்பவர் அந்த ஸ்டிக்கரை உரித்துவிட்டு, பழுதான போர்டின் வெள்ளை வட்டத்தை மார்க்கரால் கறுப்பாக்க வேண்டும். பாகங்களைப் பொறுக்கி வைக்கும் மெஷின், வேலையைத் தொடங்கும் முன் தன் கேமராவால் வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும். வெள்ளையாக இருந்தால் வைக்கும். கறுப்பாக இருந்தால் அந்தப் போர்டைத் தாண்டிப் போய்விடும். பழுதானது வெறும் போர்டாகவே மறுமுனைக்கு வந்து சிவப்புத் தொட்டியில் விழும். இவ்வளவுதான் சங்கதி.

திருப்பதிக்கு வெளியே நான் முதன்முதலில் வேலை பார்த்த கம்பெனியில், அந்தத் தலைமாட்டில் நின்றவரை எல்லாரும் லோடிங் அக்கா என்றே கூப்பிட்டோம். நகரிக்காரர். விசைத்தறிக் குடும்பத்தில் பிறந்து இன்னொரு விசைத்தறிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஆள் குள்ளம், கம்பெனி கொடுத்த நீலக் கோட்டு அவருக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கும். குரல் மட்டும் தறிச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகிய குரல். லைனின் இந்த முனையில் அவர் முணுமுணுத்தால் அந்த முனையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கேன்டீனில் குழம்பு தண்ணீராக இருந்தால் கரண்டியை உயரத் தூக்கி வடியவிட்டு, "இதுல மீனு வளக்கலாம், புடிச்சித் துன்னலாம்," என்பார். பரிமாறுகிறவர் தெலுங்குக்காரர் என்றால் அதையே தெலுங்கிலும் ஒரு முறை சொல்வார், விட்டுப்போகக் கூடாது என்று. மெஷினுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்ததும் அவர்தான். கேட்டதைக் கேட்ட நேரத்தில் நீட்ட வேண்டும், துளி கோணலாக நீட்டினாலும் முறுக்கிக்கொண்டு நின்றுவிடும், சமாதானப்படுத்த ஓர் ஆள் ஓடிவர வேண்டும். சமாதானப்படுத்தும் அந்த ஆள் நான்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வட்டத்தைக் கறுப்பாக்கிய கையோடு, கோட்டுக்குள் கையை விட்டுத் தாலிச்சரட்டில் கோத்திருந்த ஊக்கை எடுத்து, அந்தப் போர்டுக்கு நேராக ஓரப் பட்டியில் ஒரு கீறல் போடுவார். லைனுக்குள் ஊக்கு, வளையல் எதுவும் ஆகாது. தணிக்கைக்கு ஆள் வந்தால் ஊக்கு மாயமாகிவிடும். அவர்கள் போனதும் திரும்ப வந்துவிடும். ஒரு நாள் கேட்டேன், மார்க்கர்தான் இருக்கிறதே, கீறல் எதற்கு என்று.

"மையி மேல எனக்கு நம்பிக்கை இல்ல தம்பி. துணியில ஒரு எடத்துல இழை வுட்டுப்போச்சுன்னா, நாங்க ஓரத்துல செவப்பு நூலு ஒண்ணு கட்டி வுட்ருவோம். குறை இருக்கறது தப்பில்ல. இருக்குதுன்னு ஓரத்துல தெரியணும். மடிக்கறவன் பாத்துக்குவான்."

"இந்த ஓரத்தைத்தான் ஒடிச்சித் தூக்கிப் போட்டுடறோமே அக்கா. யார் பாக்கப் போறாங்க?"

"போட்டா போட்டும். கைக்கு வழக்கமாயிடுச்சு."

நான் சிரித்துவிட்டுப் போனேன். அந்தச் சிரிப்பைப் பிற்பாடு பல தடவை நினைத்துக்கொள்ள நேர்ந்தது.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது புரியாது. எங்கள் ஊர் குடிபாலா. சித்தூரில் டிப்ளமா முடித்துவிட்டு, திருப்பதியில் இரண்டு பேரோடு ஓர் அறையில் தங்கி, அந்த லைனுக்கு டிரெய்னி என்ஜினியராகச் சேர்ந்தேன். மெஷினின் புரோகிராம் என் பொறுப்பு, பாஸ்வேர்டும் என்னுடையது. வேலை உறுதியாகும் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். பங்காருபாளையத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம் ஒன்றில் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கேட்ட ஒரே கேள்வி, "பிள்ளை பர்மனெண்டா?" ஆகப்போகிறான் என்று என் நைனா சொல்லியிருந்தார். ஆனதும் பேசலாம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள்.

லோடிங் அக்காவும் அப்படி ஒரு கடிதத்துக்காகத்தான் காத்திருந்தார். அவர் மூன்று வருஷமாகக் காண்ட்ராக்ட். காண்ட்ராக்ட் ஆட்களை எந்தத் திங்கட்கிழமையும் வராதே என்று சொல்லிவிடலாம். அதைவிட அவரை அரித்தது பஸ். கம்பெனியில் இரண்டு பஸ்கள். காண்ட்ராக்ட் ஆட்களின் பஸ் புத்தூரோடு நின்றுவிடும். கம்பெனி ஆட்களின் பஸ் நகரி வரைக்கும் போகும். எட்டு மணி நேரம் நின்ற காலோடு புத்தூரில் இறங்கி, இடமில்லாத இன்னொரு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு அவர் வீடு போய்ச் சேர வேண்டும். தன்னைத் தாண்டி நகரிக்குப் போகும் அந்தப் பஸ்ஸைப் பார்த்து, "காலி சீட்ட ஏத்திக்கினு போறான் பாரு, சீட்டுக்கு இன்னா நகரியில வேலை?" என்பார். அந்த வருஷம் கம்பெனியில் எடுத்துக்கொள்ளப் போகிறவர்களின் பட்டியலில் அவர் பெயர் இருப்பது எல்லாருக்கும் தெரியும்.

இப்போது என் கைங்கரியத்துக்கு வருகிறேன். ஆறு வட்டங்களையும் கேமரா ஒவ்வொன்றாகப் பார்ப்பதில் பேனலுக்குச் சில விநாடிகள் போகும். நாள் முழுக்கச் சேர்த்தால் அது பெரிய நேரம். அதனால் ஒரு வழி வைத்திருந்தேன். பழுதில்லாத பேனல்களை முதலில் ஓட்டுவது. அப்போது வட்டம் பார்க்கும் வேலையை மெஷினில் அணைத்துவிடுவது. பழுதுள்ள பேனல்களை அக்கா கறுப்பு வைத்துத் தனியாக அடுக்கி வைப்பார். கடைசியில் வட்டம் பார்ப்பதைத் திரும்பப் போட்டுவிட்டு அவற்றை ஓட்டுவது. மேனேஜருக்கு இது தெரியும். உற்பத்தி கூடியதால் என்னைத் தட்டிக்கொடுத்தார். நானும் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் திரிந்தேன்.

அன்று ஒரு சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். மின்விசிறிக்கான போர்டுகள். நல்ல பேனல்கள் முடிந்து பழுதுப் பேனல்களுக்கு மாறும் நேரம். அக்கா, "தம்பி, பொட்டு வெச்சதெல்லாம் வருது, மாப்பிள்ளைகிட்ட சொல்லிடு," என்று குரல் கொடுத்தார். நான் மெஷின் திரையடிக்குப் போனேன். அதே நேரம் நைனா போன் செய்தார், பெண் வீட்டார் அடுத்த வாரம் வரலாமா என்று கேட்கிறார்கள் என்று. லைனுக்குள் போன் பேசக் கூடாது. வெளியே ஓடிப்போய்ப் பேசிவிட்டு வந்தேன். வந்து பார்த்தபோது லைன் ஓடிக்கொண்டிருந்தது. வட்டம் பார்ப்பதைப் போட்டுவிட்டுத்தான் வெளியே போனேன் என்று நினைத்தேன். நேற்றுப் போட்டதும் முந்தாநாள் போட்டதும் அப்படியே விரலில் இருந்தன. தினம் செய்கிற காரியத்தில் இதுதான் வினை. நேற்றையதை எடுத்து இன்றையதாகக் காட்டிவிடும்.

மெஷின் எதையும் பார்க்காமல், பழுதான போர்டுகள் எல்லாவற்றிலும் வரிசையாகப் பாகங்களை வைத்துத் தள்ளியது. மறுமுனையில் ஒரு வெறும் போர்டுகூட வரவில்லையே என்று யாரும் கேட்கவில்லை. எல்லாம் நிறைந்து வந்தால் யார் கேட்பார்கள்? பட்டிகளை ஒடித்து மூட்டையில் போட்டார்கள். போர்டுகள் சோதனை மேஜைக்குப் போயின. மேலிருந்து பார்த்தால் எல்லாம் லட்சணமாகத்தான் இருந்தன. உள்ளே கம்பி அறுந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை சோதனையில் வரிசையாக விழ ஆரம்பித்தன. போதாக்குறைக்கு அன்றைக்கு வாடிக்கையாளர் கம்பெனியின் ஆள் வந்து சோதனை மேஜைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

மேனேஜர் குண்டூர்ப் பக்கத்துக்காரர், அதிகம் கத்தாதவர். கத்தாததுதான் பயம். விழுந்த போர்டுகளை ஒரு தட்டில் கொண்டுவரச் சொல்லி, பூதக்கண்ணாடி விளக்கின் கீழே ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். வட்டங்கள் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"வெச்சேன் சார்," என்றார் அக்கா.

மேனேஜர் தட்டைக் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினார். எங்கே என்று கேட்கவில்லை, நகர்த்தினார் அவ்வளவுதான்.

"நான் வெச்சேன் சார். ஓரத்தப் பாருங்க. ஓரத்துல இருக்கும்."

மேனேஜருக்குப் புரியவில்லை. அவர் என்னைப் பார்த்து, வட்டம் பார்ப்பது "ஆன்லோனே உந்தா?", ஆனில்தான் இருந்ததா என்று கேட்டார். அக்காவும் என்னைப் பார்த்தார். அந்த ஓரம் என்னவென்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அக்கா பார்த்தது அதற்காகத்தான்.

"ஆன்லதான் சார் இருந்துச்சு," என்றேன். பிறகு, யாரும் கேட்காமலே, "ஓரமெல்லாம் ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு," என்றும் சொன்னேன்.

அப்போது அது பொய் என்று எனக்குத் தெரியாது. இதை நான் எனக்கே பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அது முழு நியாயம் ஆகாது. மெஷின் தன் குறிப்பைத் தானே எழுதிக்கொண்டிருக்கும். எந்த நிமிஷம் எது போடப்பட்டது, எது அணைக்கப்பட்டது என்று எல்லாம் அதில் இருக்கும். ஐந்து நிமிஷத்தில் திறந்து பார்த்திருக்கலாம். அன்று மத்தியானம் இரண்டு தடவை அந்தத் திரைக்கு முன்னால் போய் நின்றேன். இரண்டு தடவையும் வேறு ஏதோ வேலை ஞாபகம் வந்து திரும்பிவிட்டேன். தெரியாமல் இருந்தேன் என்பதைவிட, தெரிந்துகொள்ளாமல் பார்த்துக்கொண்டேன் என்பதுதான் சரி.

அக்காவைத் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை அவர் தன் லாக்கரைக் காலி செய்துகொண்டிருந்தபோது நான் அந்தப் பக்கமாகப் போக வேண்டியிருந்தது. ஒரு எவர்சில்வர் டப்பா, ஒரு சீப்பு, செருப்புப் போட்ட பிளாஸ்டிக் பை. என்னைப் பார்த்ததும், "வழி வுடுங்க சார்," என்றார். அத்தனை நாளில் அவர் என்னை சார் என்றது அதுதான் முதல் தடவை.

அடுத்த சனிக்கிழமை ஸ்கிராப் எடுக்கும் லாரி வந்தது. மூட்டைகளை எடை போடும்போது ஓர் என்ஜினியர் நின்று கையெழுத்துப் போட வேண்டும். அன்று என் முறை. வெயிலுக்கு ஒதுங்கி ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். மூட்டை வாயிலிருந்து பட்டிகள் பிதுங்கிக்கொண்டிருந்தன. சும்மா ஒன்றை உருவினேன். விளிம்பில் ஒரு கீறல். இன்னொன்றை உருவினேன், இரண்டு கீறல். அதற்குப் பிறகு நான் சும்மா உருவவில்லை. மூட்டையைக் கீழே கொட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்து தேடினேன். லாரிக்காரர் "ஏமி சார், உங்கரம் போச்சா?" என்று தெலுங்கும் தமிழுமாகக் கேட்டுச் சிரித்தார், மோதிரத்தைத் தொலைத்துவிட்டேன் என்று நினைத்து. கடைசியில் கிடைத்தது இந்தப் பட்டி. மூன்று கீறல்கள். முதல் போர்டு, நாலாவது, ஐந்தாவது. ஆறில் மூன்று பழுதாக வருவது அபூர்வம், அதனால் எனக்கே அந்தப் பேனல் நினைவிருந்தது. பார்கோடை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ச் சோதனைப் பதிவில் தேடினேன். அந்தப் பேனலில் விழுந்தவை ஒன்று, நாலு, ஐந்து.

அதன் பிறகுதான் மெஷினின் குறிப்பைத் திறந்தேன். சனிக்கிழமை காலையில் என் பாஸ்வேர்டில் அணைத்தது இருந்தது. மறுபடி போட்டது திங்கட்கிழமைதான். ஸ்டோரில் போய் அக்கா பயன்படுத்திய அதே மார்க்கரை வாங்கி, ஒரு பழைய போர்டின் வட்டத்தில் கறுப்பு வைத்து, பாகங்களைப் பற்றவைக்கும் ஓவனுக்குள் அனுப்பினேன். மறுபக்கம் வெள்ளையாக வந்தது. அந்தச் சூட்டில் மை எரிந்து போய்விடுகிறது. தினம் எரிந்துதான் போயிருக்கிறது; வெறும் போர்டாக வந்து தொட்டியில் விழுவதன் வட்டத்தை யார் திரும்பிப் பார்த்தோம்? பொட்டு வைத்தவருக்கு மட்டும் அந்த மையின் மேல் நம்பிக்கை இல்லாமல் இருந்திருக்கிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பட்டியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நகரிக்குப் போனேன். புத்தூரில் இறங்கி வேறு பஸ் பிடித்தேன்; அவர் தினம் தொங்கிய பஸ்ஸில் நானும் தொங்கினேன். தெரு முழுக்கத் தறிச் சத்தம். அவர் வீட்டின் முன்னறையில் தறியிலிருந்து இறக்கிய துணியைப் பாயில் விரித்து, அக்கா குறை பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் சிவப்பு நூல். அவர் வீட்டுக்காரர் எழுந்து நாற்காலி போட்டார்; அவருக்கு நான் யாரென்று தெரியவில்லை, கம்பெனி சார் என்றதும் டீ வாங்க ஓடினார். நான் பட்டியை எடுத்து நீட்டினேன். எனக்குச் சொல்ல ஒரு பேச்சு தயாராக இருந்தது, வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது. நான்தான் அக்கா, போடாமல் விட்டது நான்தான் என்று மட்டும் சொல்ல முடிந்தது.

அக்கா பட்டியை வாங்கவில்லை. துணியிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

"நான் வெச்சேன்னு எனக்குத் தெரியும் சார். இத்த எடுத்துக்கினு என்னாண்ட எதுக்கு வந்தீங்க? யாராண்ட சொன்னீங்களோ அவங்களாண்ட எடுத்துக்கினு போங்க."

அவ்வளவுதான். துணியில் ஓர் இடத்தில் விரல் நின்றது. ஓரத்தில் நூலைக் கட்டி, பல்லால் கடித்து அறுத்தார். அவர் வீட்டுக்காரர் டீயோடு வந்தார். சூடு ஆறுவதற்குள் குடித்துவிட்டுக் கிளம்பினேன். மன்னிப்பு வாங்கிக்கொண்டு மனப்பாரம் இறங்கி ஊர் திரும்பலாம் என்று போனவன் நான். அந்தப் பாரத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை காலை மேனேஜர் வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றேன். பட்டி, பதிவு, மெஷின் குறிப்பு மூன்றையும் மேஜையில் வைத்தேன். மார்க்கர் விஷயத்தை நம்ப அவர் தயங்கினார். லைனுக்குக் கூட்டிப்போய் அவர் கையாலேயே ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கச் சொன்னேன். ஓவனின் மறுமுனையில் இரண்டு பேரும் காத்திருந்தோம். வெள்ளையாக வந்த வட்டத்தை அவர் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "அன்றைக்கே ஏன் பார்க்கவில்லை?" என்று கேட்டார். பயமாக இருந்தது சார் என்றேன். என்னை நம்பாமல் அந்தக் குறிப்பை அன்றைக்கே தான் திறந்து பார்த்திருக்க வேண்டும் என்று, என்னைப் பார்க்காமல், தெலுங்கில் சொல்லிக்கொண்டார்.

எனக்கு மெமோ வந்தது. உறுதிக் கடிதம் ஆறு மாதம் தள்ளிப்போனது. நைனாவிடம் போனில் சொன்னேன், நடந்ததை நடந்தபடி. "அந்தப் பொம்பளைய திரும்ப எடுத்துக்கினாங்களா?" என்று கேட்டார். எடுத்துக்கொள்கிறார்கள் என்றேன். "சரி, அப்போ பங்காருபாளையத்துக்கு நான் சொல்லிக்கிறேன். நீ துன்னியா?" என்றார். பங்காருபாளையத்துப் பெண்ணுக்கு ஆவணியில் வேறு இடத்தில் கல்யாணம் ஆனது.

அக்கா அந்த வாரமே திரும்ப வந்தார். ஆனால் பட்டியல் அதற்குள் அவர் பெயர் இல்லாமல் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டிருந்தது. மேனேஜர் இரண்டு தடவை எழுதியும் நடக்கவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பதில் வந்தது. ஆக, என் ஒரு வார்த்தையால் அக்காவுக்கு இன்னும் ஒரு வருஷம் புத்தூர் பஸ். தினமும் மாலை நகரி பஸ் அவரைத் தாண்டிப் போவதை நான் வாசலில் நின்று பார்ப்பேன். அவர் அந்தப் பஸ்ஸைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டிருந்தார். பழைய கேலியைப் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

வந்த முதல் நாளிலிருந்து ஒரு புது வழக்கம் ஏற்படுத்தினார். பழுதுப் பேனல்கள் ஓடுவதற்கு முன், லைனின் தலைமாட்டிலிருந்து நடந்து மெஷின் திரைக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"காட்டுங்க சார்."

வட்டம் பார்ப்பது போடப்பட்டிருக்கிறது என்பதைத் திரையில் காட்டுவேன். பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். மறுநாளும் வருவார். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டேன்.

"இன்னும் நம்பிக்கை இல்லையா அக்கா?"

"இருக்குது சார். காட்டுங்க."

மார்க்கரை மாற்றினோம், சூட்டுக்கு அழியாத மை வந்தது. அக்கா ஊக்கை விடவில்லை. மேனேஜருக்கு இப்போது அந்த ஊக்கு தெரியும். பார்த்தும் பார்க்காதவர்போல் போய்விடுவார்.

அடுத்த வருஷப் பட்டியலில் அக்கா பெயர் வந்தது. கடிதம் வாங்கிய அன்று மாலை அவர் நகரி பஸ்ஸில் ஏறியதை நான் வாசலில் நின்று பார்த்தேன். முன்படிக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடியை முழுக்கத் திறந்துவிட்டு, உள்ளே யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். பஸ் திரும்பிச் சாலையில் ஏறும் வரைக்கும் குரல் கேட்டது. என்னை அவர் பார்க்கவில்லை. எனக்கு வாய்விட்டு அழ வேண்டும்போல் இருந்தது, ஆனால் செக்யூரிட்டி பக்கத்தில் நின்றிருந்தார்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து எனக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது, இதே திருப்பதியில். கடைசி நாள் மத்தியானம் என் மேஜையை ஒழித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பட்டி இழுப்பறையின் அடியிலிருந்து வந்தது. அதை வைத்துக்கொள்வதா போடுவதா என்று தெரியாமல் கையில் பிடித்திருந்த நேரத்தில் அக்கா உள்ளே வந்தார். லைன் சார்பில் எல்லாரும் சேர்ந்து வாங்கிய சட்டைத் துணியைக் கொடுப்பதற்காக அனுப்பியிருந்தார்கள். துணியை மேஜையில் வைத்தார். ஓரத்தை ஒரு முறை விரலால் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார். பிறகு என் கையிலிருந்ததைப் பார்த்தார்.

"இத்த இன்னும் வெச்சிக்கினு கீறீங்களா?"

கையை நீட்டினார். கொடுத்தேன். கோட்டுக்குள் கையை விட்டு ஊக்கை எடுத்தார். மூன்று கீறல்களையும் தாண்டி, போர்டு எதுவும் இல்லாத கடைக்கோடியில், பார்கோடுக்குப் பக்கத்தில் ஊக்கை வைத்து அழுத்தி ஒரு கீறல் இழுத்தார். மற்ற மூன்றையும்விட அது ஆழம்.

"இது உன்னுது தம்பி," என்றார். ஊக்கைச் சரட்டில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது நான் இருக்கும் தொழிற்சாலையில் மார்க்கர் கிடையாது. தகடு செய்கிறவரே எந்தப் போர்டு பழுது என்பதைப் பேனலின் எண்ணோடு சேர்த்து அனுப்பிவிடுகிறார். மெஷின் எண்ணைப் படித்துத் தானே தாண்டிப் போகிறது. கறுப்பு வைக்கவும் ஆள் இல்லை, அழிந்துபோகவும் எதுவும் இல்லை. லைன்களுக்கு நான் பொறுப்பு. தவறு நடந்தால் தட்டில் போர்டுகளை அடுக்கி என் மேஜைக்குத்தான் கொண்டுவருகிறார்கள். எதிரில் யாராவது ஒருவர், நான் செய்தேன் சார், என்று சொல்லிக்கொண்டு நிற்பார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் பேசாமல் நிற்பார். நான் முதலில் பேசாதவரைப் பார்க்கிறேன். பிறகு இந்தப் பட்டியை எடுத்துக் கடைசிக் கீறலில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, "மெஷின் குறிப்பைத் திறங்க, எல்லாரும் சேர்ந்து பாப்போம்," என்கிறேன்.